தேர்வு உண்டு, வகுப்பு இல்லை: பள்ளிப் பாடமாக நடனம்

கணிதம், அறிவியல், மொழி போல நடனமும் உயர்நிலைப் பள்ளியில் ஒரு முழுப் பாடமாக இருக்கலாமா? இருக்கலாம் என்றால் எந்த நடனம், யார் கற்பிப்பது, எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது? இந்தியாவில் இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நூறு வயது. பெங்களூர் அதற்குச் சொல்லிவந்த விடை சற்றுத் தனிப்பட்டது. கர்நாடகத்தின் பள்ளித் தேர்வு வாரியமே பல பத்தாண்டுகளாக நடனத்தில் ஜூனியர், சீனியர், வித்வத் என்று படிப்படியாகத் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கியது. ஆனால் அந்தத் தேர்வுக்கான படிப்பு பள்ளியில் நடக்கவில்லை. மல்லேசுவரத்திலும் பசவனகுடியிலும் ஜெயநகரிலும் கட்டணம் கட்டித் தனி வகுப்பில் பயின்ற பிள்ளைகள் வந்து தேர்வு எழுதினார்கள். அரசு தேர்வை வைத்துக்கொண்டு வகுப்பை வீடுகளுக்கும் மாடி அறைகளுக்கும் விட்டுவிட்டது.

நடனத்துக்குப் பாடமாகும் தகுதி உண்டா என்பதே பெரும்பாலும் இங்கே விவாதப் பொருளாக இருந்துவருகிறது. தேர்வு வைத்த அன்றே அந்தத் தகுதியை அரசு ஒப்புக்கொண்டுவிட்டது என்றுதான் தோன்றுகிறது. எஞ்சி நிற்பது, அந்தக் கல்வி யாருக்கு எட்டுகிறது என்ற கேள்வி.

கேள்வி எங்கிருந்து வந்தது

ரவீந்திரநாத் தாகூர் 1919-ல் சில்ஹெட்டில் மணிப்புரி நடனத்தைக் கண்டார். அதன்பின் சாந்திநிகேதனுக்கு நடன ஆசிரியரை வரவழைத்தார். நவீன இந்தியக் கல்வி நிலையம் ஒன்றில் நடனம் அன்றாடப் படிப்பின் பகுதியான முதல் முயற்சிகளில் அது ஒன்று. தெற்கே நிலைமை வேறு. நடனத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் தேவதாசி மரபுப் பெண்களும் நட்டுவனார்களும். மைசூர் சமஸ்தானம் 1909-ல் அரசின் பொறுப்பிலிருந்த கோயில்களில் தேவதாசிப் பணியை நிறுத்தியது. சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947-ல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் ஆடிய சதிர் பரதநாட்டியமாகி மேடையேறியது. 1936-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். இந்த மாற்றத்தை மீட்பு என்பாரும் உண்டு, பறிப்பு என்பாரும் உண்டு. பள்ளிக் கல்வியைப் பொறுத்தவரை அதன் விளைவு ஒன்றே: 'கௌரவமான' கலை என்ற முத்திரை கிடைத்த பின்னரே நடனம் கல்விக் கூடத்து வாசலுக்கு வர முடிந்தது.

மைசூரில் அரண்மனைக் கலைஞர் ஜட்டி தாயம்மாவின் வழி வந்த கே. வெங்கடலட்சுமம்மா 1965-ல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் நடனம் கற்பிக்கப் பொறுப்பேற்றார். பெங்களூரில் வேதியியல் பேராசிரியராக இருந்த யு.எஸ். கிருஷ்ண ராவ், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். பின்னர் பெங்களூர்ப் பல்கலைக்கழக நடனத் துறையின் முதல் தலைவரானார். ஆக, பல்கலைக்கழகம் நடனத்தை ஏற்றுக்கொண்டு அரை நூற்றாண்டுக்கும் மேலாகிறது. ஆண்டு விழா மேடையில் அதைத் தொடக்கப் பள்ளியும் ஏற்றுக்கொண்டது. நடுவில் இருக்கும் உயர்நிலைப் பள்ளிதான் தயங்கி நிற்கிறது.

கொள்கைத் தாள்களில் அந்தத் தயக்கம் தெரியாது. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் (1952-53) உயர்நிலைப் படிப்பை ஏழு பிரிவுகளாக வகுத்தபோது நுண்கலைப் பிரிவில் இசையோடு நடனத்தையும் சேர்த்தது. 2005-ன் தேசியக் கலைத்திட்டம் இசை, நடனம், காட்சிக் கலை, நாடகம் நான்கையும் பத்தாம் வகுப்புவரை கட்டாயக் கல்வியின் பகுதியாக்கச் சொன்னது. கஸ்தூரிரங்கன் தலைமையில் 2023-ல் வந்த பள்ளிக் கலைத்திட்டமும் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் கலைக் கல்விக்குத் தனி இடம் கேட்டது. எழுபது ஆண்டுகளாக ஒரே பரிந்துரை வேறு வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், தடை கொள்கையில் இல்லை என்றே கருத வேண்டியிருக்கிறது.

இன்றைய வாய்ப்புகள்

பெங்களூர் மாணவருக்கு இன்று என்ன வழி? மாநில வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வான எஸ்.எஸ்.எல்.சி.யில் மொத்தம் 625 மதிப்பெண். முதல் மொழிக்கு 125, மற்ற ஐந்து பாடங்களுக்கு நூறு நூறு. நடனத்துக்கு அதில் இடமில்லை. மாநிலத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பான பி.யு.சி.யின் விருப்பப் பாடங்களில் இந்துஸ்தானி இசை உண்டு, நடனம் இல்லை. மத்திய வாரியமான சி.பி.எஸ்.இ. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் பரதநாட்டியம், கதக், குச்சிப்புடி, ஒடிசி, மணிப்புரி, கதகளி ஆகியவற்றைத் தேர்வுப் பாடங்களாகத் தருகிறது. எழுத்துக்கு 30, செய்முறைக்கு 70. ஆனால் அதே வாரியத்தின் பத்தாம் வகுப்புப் பட்டியலில் இசையும் ஓவியமும் இருந்துவந்தனவே தவிர நடனம் இருந்ததில்லை.

ஐ.சி.எஸ்.இ. திட்டத்தில் மூன்றாம் தொகுதியில் 'இந்திய நடனம்' ஒரு விருப்பப் பாடம். பெங்களூரில் இந்த வாரியப் பள்ளிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தத் தொகுதியிலிருந்து மாணவர் எடுப்பது ஒரே ஒரு பாடம். அதே தொகுதியில்தான் கணினிப் பயன்பாடும் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பத்தால் வாழும் ஒரு நகரத்தில் அந்தப் போட்டி எப்படி முடியும் என்று விளக்கத் தேவையில்லை. விருப்பப் பாடம் என்று அச்சிடுவது வேறு, விரும்பி எடுக்கும் நிலையை உருவாக்குவது வேறு.

எனவே சுமை முழுவதும் மாநில வாரியத்தின் தனித் தேர்வுகள் மீதே விழுந்தது. அந்தத் தேர்வு அறையில் நடப்பதைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்கலாம். பிள்ளை அரைமண்டியில் அமர்ந்து தட்டடவை முதல், இரண்டாம், மூன்றாம் காலங்களில் ஆடிக்காட்ட வேண்டும். பிறகு ஆடாமல் கையால் தாளம் போட்டபடி அதே அடவின் சொற்கட்டைச் சொல்ல வேண்டும். அபிநய தர்ப்பணம் கூறும் 28 ஒற்றைக்கை முத்திரைகளைப் பெயர் சொல்லிப் பிடித்துக் காட்ட வேண்டும். பதாகம் எங்கெங்கே பயன்படும் என்று கேட்டால் சுலோகமாகச் சொல்ல வேண்டும். எழுத்துத் தாள் தனி. உடல், தாளம், நினைவு, நூலறிவு நான்கையும் ஒருசேரச் சோதிக்கும் தேர்வு இது. பள்ளியில் வேறெந்தப் பாடமும் ஒரு பிள்ளையிடம் இவ்வளவையும் ஒரே மூச்சில் கேட்பதில்லை.

அண்மை ஆண்டுகளில் இந்தத் தேர்வுகள் மைசூரிலுள்ள கங்குபாய் ஹானகல் இசை, நிகழ்த்துகலைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு மாறியிருக்கின்றன. கலை அறிந்தவர்கள் கையில் கலைத் தேர்வு இருப்பது நல்லது என்பது ஒரு வாதம், மறுக்க முடியாதது. ஆனால் நடனத்துக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும் இடையே எஞ்சியிருந்த ஒரே நூலும் இதனால் அறுந்ததாகாதா என்ற கவலைக்கும் இடமுண்டு.

ஏன் கற்பிக்க வேண்டும்

ஆதரவாளர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைச் சொல்வதில்லை. அவர்கள் காரணங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதும் இல்லை.

பள்ளி நிர்வாகங்களுக்கும் பெற்றோருக்கும் மிகவும் பிடித்த காரணம், நடனம் ஆடினால் படிப்பு கூடும் என்பது. நினைவாற்றல், கவனம், கணிதத் திறன் எல்லாம் வளரும் என்கிறார்கள். ஆய்வுகள் இதற்குத் தரும் ஆதரவு மெலிந்தது. மியா கெய்னானென், லோயிஸ் ஹெட்லண்ட், எலன் வின்னர் மூவரும் 2000-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இடத்தையும் உருவத்தையும் மனத்தில் கையாளும் திறனுக்கு நடனம் துணைசெய்வதற்கான சான்று ஓரளவு கிடைத்தது. வாசிப்புத் திறன் உயர்வதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 2013-ல் வெளியிட்ட கலைக் கல்வி அறிக்கையும் நடனம் பற்றிய ஆய்வுகளே குறைவு என்று சொல்லி ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தது. இந்த வாதத்தில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. கணக்குக்கு உதவும் என்று சொல்லி நடனத்தை உள்ளே கொண்டுவந்தால், கணக்குக்கு உதவவில்லை என்று தெரியும் நாளில் அதை வெளியே அனுப்ப வேண்டிவரும்.

பண்பாட்டுக் காரணம் இன்னும் வலுவாக ஒலிக்கிறது: மரபைக் காக்கப் பள்ளி வேண்டும். ஆனால் எந்த மரபு என்ற கேள்வி உடனே எழுகிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

மூன்றாவது காரணம் மேலை நாடுகளில் உருவானது. அமெரிக்காவில் மார்கரெட் ஹடூப்ளர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1926-ல் நடனத்தைப் பட்டப் படிப்பாக்கினார். ருடால்ஃப் லாபன் 1948-ல் இங்கிலாந்தில் கல்விக்கான நடனம் பற்றி நூல் எழுதினார். பள்ளிப் பிள்ளையைக் கலைஞராக்குவது நோக்கமல்ல, தன் உடலின் வழியே சிந்திக்கவும் வெளிப்படுத்தவும் கற்றுக்கொடுப்பதே நோக்கம் என்பது இவர்கள் நிலைப்பாடு. அழகான கருத்து. ஆனால் கட்டுக்கோப்பான பயிற்சி இல்லாமல் வெறும் அசைவாகக் கரைந்துபோகும் அபாயம் அதற்கு உண்டு. ஜாக்குலின் ஸ்மித்-ஆட்டர்ட் 1994-ல் முன்வைத்த நடுவழி இந்தக் குறையை உணர்ந்தே வந்தது: ஆடுதல், ஆக்குதல், பார்த்து மதிப்பிடுதல் மூன்றும் சமமாக இருக்க வேண்டும் என்றார் அவர்.

இங்கே அதிகம் பேசப்படாத நான்காவது காரணம் ஒன்று உண்டு. இந்தக் கட்டுரைக்கு அதுவே மிக வலுவானதாகப் படுகிறது. நடனம் கற்கப் பணம் வேண்டும். மாதக் கட்டணம், புடவை, சலங்கை, நகை, பக்கவாத்தியம் என்று நீண்டு, ரங்கப்பிரவேசம் என்ற அரங்கேற்றத்தில் அந்தச் செலவு உச்சத்துக்குப் போகிறது. பள்ளியில் பாடமாக இல்லாதவரை, ஸ்ரீராமபுரத்துக் கூலித் தொழிலாளியின் மகள் அந்த அறைக்குள் நுழையும் வாய்ப்பு மிகக் குறைவு. நடனம் நல்லதா கெட்டதா என்பதை அவள் முடிவு செய்யவாவது அவளுக்கு அது கிடைத்தாக வேண்டும்.

செய்து காட்டலும் ஆக்கலும்

இங்கிலாந்தில் பத்தாம் வகுப்புக்கு இணையான ஜி.சி.எஸ்.இ. நடனத் தேர்வில் ஆடுவதற்கு 30 விழுக்காடு, தானே நடனம் அமைப்பதற்கு 30, எழுத்துக்கு 40. எழுத்துத் தேர்வில் குறிப்பிட்ட சில மேடைப் படைப்புகளை அலசி எழுத வேண்டும். சர்வதேச பக்கலோரியா டிப்ளோமாவின் நடனப் பாடத்திலும் மாணவர் சொந்தமாக அமைக்கும் படைப்புக்கு முக்கிய இடம் உண்டு. நம் பாடத்திட்டங்களில் இது ஏறக்குறைய இல்லை. குரு கற்பித்த அலாரிப்பையும் ஜதிஸ்வரத்தையும் பிசகாமல் ஆடுவதே இங்கே அளவுகோல்.

இதைப் பின்தங்கிய முறை என்று ஒதுக்கிவிடுவது சரியல்ல. பரதநாட்டியத்தில் அடவு என்பது எழுத்து மாதிரி. எழுத்துக் கூட்டத் தெரியாதவர் கவிதை எழுத முடியாது என்பது குருமார்களின் வாதம், அதில் அனுபவ உண்மை இருக்கிறது. அரைமண்டி உடலில் நிலைபெறவே பல மாதங்கள் ஆகும். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் படைப்பு கேட்டால், திரைப்பாட்டு அசைவுகளைக் கோத்துக் கொண்டுவரக்கூடும் என்ற அச்சமும் ஆதாரமற்றதல்ல.

மறுபக்கத்தில், பள்ளிப் பாடம் என்றாலே அதில் மாணவரின் சொந்தச் சிந்தனைக்கு ஓர் இடம் வேண்டும். கட்டுரை எழுதாமல் மொழிப் பாடம் இல்லை. நான்கு கோர்வைகளை வைத்துத் தானே எட்டு ஆவர்த்தனம் அமைக்கச் சொன்னால் மரபு ஒன்றும் உடைந்துவிடாது. தாளக் கணக்கை மாணவர் உண்மையிலேயே புரிந்துகொண்டாரா என்பதும் அப்போதுதான் தெரியும். மாயா ராவ் மல்லேசுவரத்தில் நடத்திய கதக், நடன அமைப்புக் கல்வி நிலையமும், 1992-ல் தொடங்கிய அட்டக்களரி என்ற நடன நிறுவனமும் நடன அமைப்பைக் கற்பிக்க முடியும் என்று இதே நகரத்தில் நடத்திக் காட்டியவை. அந்த அறிவு பள்ளிப் பாடத்திட்டம் வரை இறங்கி வந்ததற்கான தடயம் குறைவு.

மதிப்பெண் பற்றிய சிக்கலும் இதோடு சேர்ந்ததே. அடவின் சுத்தத்தை இரண்டு தேர்வாளர்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி அளக்கலாம். அபிநயத்தை அப்படி அளக்க முடியாது. 1957-ல் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலோத்சவம் இதற்கு நீண்ட சாட்சி: நடுவர் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு, உடைச் செலவுப் போட்டி, சலுகை மதிப்பெண் பற்றிய சச்சரவு என்று ஆண்டுதோறும் செய்தி வரும். கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்கள் ஒரு கட்டத்தில் கைவிடப்பட்டன. கர்நாடகத்தின் பள்ளிக் கலைப் போட்டியான பிரதிபா காரஞ்சி அந்த அளவு பெரிதல்ல. ஆனால் ஒரு பாட்டு, சில நிமிடம், ஒரு பரிசு என்ற போட்டி வடிவம் அதுவும்தான். போட்டி திறமையைக் கண்டெடுக்கும். திறமை இருப்பது தெரியாத பிள்ளைக்குக் கற்றுத்தர அதனால் ஆகாது.

யாருடைய நடனம்

பள்ளிப் பாடம் என்றதும் பரதநாட்டியமே மனத்தில் வருகிறது. டொள்ளு குணிதா, கம்சாளே, வீரகாசே, யக்ஷகானம் என்று கர்நாடகத்துக்குத் தன் ஆடல் வடிவங்கள் நிறைய. உடுப்பியில் யக்ஷகானத்தை உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கற்பிக்கும் முயற்சி அறக்கட்டளை ஒன்றின் துணையோடு நடக்கிறது. வட்டாரக் கலை பள்ளிக்குள் வர முடியும் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. பெங்களூரின் நடுவே திகளர்பேட்டையில், தமிழ் வேர் கொண்ட திகளர் சமூகம் தர்மராயசுவாமி கோயிலிலிருந்து ஆண்டுதோறும் கரகம் எடுக்கிறது. சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் பழைய பேட்டைத் தெருக்களைச் சுற்றித் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று போகும் அந்தக் கரகத்தில் உடற்பயிற்சியும் விரதமும் தாளமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. அதைப் பாடமாக்கலாமா என்றால் தயக்கம் வருகிறது. சடங்கை மதிப்பெண்ணுக்குள் அடைப்பது அதை மதிப்பதாகாது. ஆனால் அதைப் பற்றிக்கூடக் கற்காமல் இந்த நகரத்துப் பிள்ளை 'நடன வரலாறு' படித்து முடிப்பது பெரிய இழப்பு.

வரலாற்றுத் தாளில் இன்னொரு மௌனமும் இருக்கிறது. கோயில் சிற்பத்திலிருந்தும் நாட்டிய சாஸ்திரத்திலிருந்தும் நேராக இன்றைய மேடைக்குத் தாவும் பாடநூல் நடை பழக்கமானது. இடையில் அந்தக் கலையைச் சுமந்து, அதற்காகவே இழிவும் பட்ட பெண்கள் காணாமல் போகிறார்கள். பரம்பரைக் கலைஞர்களின் குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் ஆய்வாளர்களும் அண்மைக் காலத்தில் இதை வலுவாகச் சொல்லிவருகிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதைப் பக்குவமாகச் சொல்ல முடியாது என்று நினைப்பது அந்தப் பிள்ளையின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

ஆண் பிள்ளைகள் பற்றியும் சொல்ல வேண்டும். ராம் கோபால் பெங்களூரில் பிறந்து உலக மேடைகளில் ஆடியவர்; கிருஷ்ண ராவ் அறிவியல் ஆசிரியராக இருந்துகொண்டே ஆடியவர். இப்படிப்பட்ட ஊரிலும் நடன வகுப்புகளில் பையன்கள் அரிது. வகுப்பு முழுவதற்கும் பொதுவான பாடமாக இருந்தால் இந்தத் தடை தளரலாம். விருப்பப் பாடமாக இருந்தால் இன்னும் இறுகலாம்.

இலங்கையின் வழி

தமிழர் வாழும் நாடுகளில் நடனத்தை அரசுப் பள்ளிக்குள் முழுமையாகக் கொண்டுவந்த எடுத்துக்காட்டு இலங்கை. அங்கே ஆறாம் வகுப்பு முதல் அழகியல் பாடம் ஒன்றைப் படிக்க வேண்டும். சித்திரம், சங்கீதம், நடனம் போன்றவற்றுள் ஒன்று. தமிழ்ப் பாடசாலைகளில் நடனம் என்றால் பரதம். க.பொ.த. சாதாரண தரத்தில் அதைத் தெரிவுப் பாடமாக எடுக்கலாம். எழுத்துப் பரீட்சையோடு செய்முறைப் பரீட்சையும் உண்டு. உயர்தரக் கலைப் பிரிவிலும் தொடரலாம். அதன்பின் யாழ்ப்பாணத்தில் முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகம் எனப்பட்ட பீடமும் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் பட்டம் தருகின்றன. அங்கே பட்டம் பெற்றவர் மறுபடி பாடசாலைக்கு ஆசிரியராக வருகிறார். கிராமத்துப் பாடசாலையிலும் கட்டணமின்றி நடன ஆசிரியர் ஒருவர் கிடைக்க வழி செய்தது இந்தச் சங்கிலிதான். பெங்களூரில் இல்லாதது இதுவே.

குறைகளும் உண்டு. தரப்படுத்திய பாடத்திட்டம் பரதத்தைக் குறிப்பெடுத்து ஒப்புவிக்கும் பாடமாக்குகிறது என்ற குறை அங்கும் கேட்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் புத்துயிர் கொடுத்த வடமோடி, தென்மோடிக் கூத்துகள் ஆடல் நிறைந்தவை; ஆயினும் பாடசாலையில் அவை நாடகமும் அரங்கியலும் என்ற பாடத்தின் பக்கம் போயின. கூத்து நாடகம், பரதம் நடனம் என்ற பிரிவினை பாடத்திட்டத்தின் வசதிக்கு ஏற்பட்டது. பெங்களூர் இலங்கையிடமிருந்து கற்றுக்கொள்வதானால் இந்தப் பிரிவினையை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம்.

ஆசிரியரும் தரையும்

கேந்திரிய வித்யாலயாக்களில் தொடக்க நிலைக்கு இசை ஆசிரியர் பணியிடம் உண்டு. நவோதயா பள்ளிகளில் இசைக்கும் ஓவியத்துக்கும் உண்டு. நடனத்துக்கு அப்படி நிரந்தரப் பணியிடம் இல்லை. நடனத்தில் பட்டமும் முதுநிலைப் பட்டமும் தரும் பல்கலைக்கழகங்கள் பெங்களூரிலேயே பல. அங்கே படித்து வெளிவருபவர்கள் தனி வகுப்பு நடத்துகிறார்கள், அல்லது தனியார் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு முந்தைய இரண்டு மாதம் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறார்கள். பணியிடம் இல்லாததால் பாடம் வரவில்லை. பாடம் இல்லாததால் பணியிடம் வரவில்லை.

நாற்பது நிமிடப் பாடவேளையும் சிக்கல்தான். உடை மாற்றி, உடலைச் சூடேற்றி, அடவு முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். இரண்டு பாடவேளைகளைச் சேர்த்தால்தான் வகுப்பு உருப்படும். தரை இன்னும் முக்கியம். வெறுங்காலால் சிமெண்டுத் தரையிலும் கல் பதித்த தரையிலும் நாள்தோறும் தட்டினால் முழங்காலும் குதிகாலும் வலி காணும். மரத்தரை உள்ள அறை எந்த அரசுப் பள்ளித் திட்ட மதிப்பீட்டிலும் எளிதில் இடம்பெறுவதில்லை. வேதியியலுக்கு ஆய்வகம் கேட்பதைப் போல நடனத்துக்குத் தரை கேட்கும் நிலை வராதவரை, பாடம் என்ற பெயர் மட்டுமே மிஞ்சும்.

விடை காணாதவை

இதுவரை கிடைத்த சான்றுகளை வைத்துச் சொன்னால், நடனத்தைப் பள்ளிப் பாடமாக நடத்த முடியும், அதற்குத் தேர்வும் வைக்க முடியும். முதலாவதை இலங்கையும் இரண்டாவதைக் கர்நாடகமும் காட்டிவிட்டன. மற்றப் பாடங்களில் அதனால் பயன் விளையும் என்ற வாதத்தின் மீது அதிகம் சாயாமல் இருப்பதே நல்லது. கட்டாயமா விருப்பமா என்பதில் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு இந்தியத் தரவு இல்லை. மரபான பயிற்சியையும் மாணவரின் சொந்த அமைப்பையும் ஒரே பாடத்திட்டத்தில் எந்த விகிதத்தில் வைப்பது என்பதை யாரும் இங்கே முறையாகச் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கர்நாடக அரசு 2023-ல் சுகதேவ் தோரட் தலைமையில் அமைத்த மாநிலக் கல்விக் கொள்கை ஆணையம் 2025 ஆகஸ்டில் அறிக்கையைத் தந்தது. மத்தியக் கலைத்திட்டம் ஒரு பக்கம், மாநிலக் கொள்கை மறுபக்கம் என்று இழுபறி தொடரும் இந்நேரத்தில் கலைக் கல்விக்கு உண்மையில் எத்தனை பாடவேளை, எத்தனை பணியிடம் கிடைக்கும் என்பது தெளிவாகவில்லை. ஜூனியர் தேர்வுக்கான பாடத்திட்டமும் பாடநூலும் மாநிலத்திடம் ஏற்கெனவே இருக்கின்றன; தேர்வாளர்களும் இருக்கிறார்கள். பெங்களூரின் சில அரசு உயர்நிலைப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பிலிருந்து மூன்று ஆண்டுகள் அதைக் கால அட்டவணைக்குள் நடத்தி, யார் வருகிறார்கள், யார் நடுவில் விடுகிறார்கள், பையன்கள் தங்குகிறார்களா என்று பார்ப்பதற்குப் புதிய ஆணையம் எதுவும் தேவையில்லை. அந்தச் சோதனை நடக்கும்வரை இந்த விவாதத்தின் இரு தரப்பும் பெரும்பாலும் ஊகத்தின் மேல்தான் நிற்கின்றன.